கிளாட் பெர்னார்டு: கல்லீரலில் சர்க்கரையைக் கண்டறிந்தவர்

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கு இரத்தச் சர்க்கரை அடிக்கடி பரிசோதிக்கப்படுவது ஏன் என நீங்கள் எண்ணியிருக்கலாம். இதற்கான விடையின் தொடக்கம் பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் கிளாட் பெர்னார்டின் வாழ்வில் உள்ளது.

1813-இல் பிரான்சின் சிற்றூர் ஒன்றில், திராட்சை பயிரிடும் குடும்பத்தில் அவர் பிறந்தார். லியோன் நகரின் மருந்துக்கடையில் பயிற்சி பெறும்போதே நாடகங்கள் எழுதினார். நாடக ஆசிரியராகும் கனவுடன் பாரிஸ் சென்றவரை, திறனாய்வாளர் ஒருவர் மருத்துவம் பயிலுமாறு அறிவுறுத்தினார்.

விலங்குகளின் உடலில் சர்க்கரை உருவாகாது, அது தாவர உணவிலிருந்தே கிடைக்கிறது என்று அக்காலத்தில் நம்பப்பட்டது. ஆனால் இறைச்சி மட்டுமே உண்ட நாயின் கல்லீரலிலிருந்து வெளியேறும் இரத்தத்திலும் பெர்னார்டு சர்க்கரையைக் கண்டார். பின்னர், சர்க்கரை முற்றிலும் நீங்கும்வரை நீரால் கழுவிய கல்லீரலில் மறுநாள் மீண்டும் சர்க்கரை தோன்றியது. 1857-இல் அதன் மூலப்பொருளான கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்தார். 1878-இல் அவர் மறைந்தபோது பிரான்ஸ் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது.

நீங்கள் அறிய வேண்டியவை

கல்லீரல் சர்க்கரையைச் சேமித்து, தேவைக்கேற்ப வெளியிடும் உறுப்பாகும். ஹெபடைடிஸ் சி வைரஸ் இன்சுலினின் செயல்திறனைக் குறைக்கிறது. வைரஸ் அழிக்கப்படாவிடில், மாற்றிப் பொருத்திய கல்லீரலையும் அது தாக்கும். உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகளுள் டாக்ரோலிமஸ் இன்சுலின் சுரப்பைக் குறைக்கும். ஸ்டீராய்டு சர்க்கரையை உயர்த்தும். எனவே, முன்பு நீரிழிவு இல்லாதவருக்கும் அறுவை சிகிச்சைக்குப் பின் அந்நோய் தோன்றலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

- மருத்துவர் குறித்த நாள்களில் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கும் இரத்தசோகை உள்ளவர்களுக்கும் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை தவறான அளவைக் காட்டக்கூடும்.
- மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், காரணமற்ற எடைக்குறைவு ஆகியவை தோன்றினால் உடனே தெரிவியுங்கள்.
- சர்க்கரை உயர்ந்தாலும் நிராகரிப்புத் தடுப்பு மருந்துகளை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. புதிய கல்லீரலையே இழக்க நேரிடலாம். அளவை மாற்றுவது மருத்துவரின் பொறுப்பாகும்.
- ஹெபடைடிஸ் சி தொற்று இருப்பின், அதற்கான சிகிச்சை குறித்துக் கேளுங்கள். பெரும்பாலானோருக்கு இன்று சில மாதங்கள் மாத்திரை உட்கொள்வதாலேயே அது முழுமையாகக் குணமாகிறது.