கண்ணாடி போட்ட கேப்டன்



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுத வேண்டும் என்று மாணவர் மன்றத்தில் சொன்னார்கள். காமராஜர், கலாம், பகத்சிங் என்று ஆளாளுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். நான் கொடுத்த பெயரைக் கேட்டு மலர்க்குழு நண்பர்கள் திருதிருவென முழித்தார்கள். ஆர்தர் லோ. இங்கிலாந்து நாட்டு நகைச்சுவை நடிகர். இறந்து 40 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இவரை ஏன் பிடித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் இங்கிலீஷ் லேபில் மேடம் ஒரு பழைய பிரிட்டிஷ் டிவி தொடரைப் போட்டுக் காட்டினார்கள். பெயர் 'டாட்ஸ் ஆர்மி'. அதில் வரும் கேப்டனின் பெயரைப் படிக்க என்னை எழுப்பிவிட்டார்கள். எழுத்துக் கூட்டி மெயின்வாரிங் என்று படித்தேன். அதை மேனரிங் என்றுதான் சொல்லணுமாம்! வகுப்பே சிரித்தது. எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா வாழைக்காய் மண்டியில் தார் சுமக்கிறவர். அந்தச் சிரிப்பு ரெண்டு நாள் என் காதை விட்டுப் போகவே இல்லை. யாருடா அந்த மேனரிங் என்ற கோபத்தில்தான் தேட ஆரம்பித்தேன். தேடினால், அவரும் என் கட்சிதான்!

ஆர்தர் லோ 1915 செப்டம்பர் 22-இல் இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் ஹேஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது மான்செஸ்டரில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்களைச் சிறப்பு ரயில்களில் ஏற்றி அனுப்புவது அவர் பொறுப்பு. மகனுக்கோ நாடகத்தின் மேல் கண் இல்லை. வணிகக் கப்பலில் சேரணும், கடலில் போகணும் என்பதுதான் ஆசை. கண் பார்வை சரியில்லை என்று அந்த வழி அடைபட்டது.

இந்த இடத்தைப் படித்தபோது சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் யூனிஃபார்ம் போடும் வேலைக்குப் போகணும் என்றுதான் ஆசை. ஓட்டத்தில் தேறினேன், கயிறு ஏறினேன். சுவரில் தொங்கிய எழுத்து அட்டைக்கு முன்னால்தான் தோற்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் மண்டியில் முன்பணம் வாங்கி எனக்குக் கண்ணாடி எடுத்துத் தந்தார்.

கப்பல் கிடைக்காத ஆர்தர் ஒரு விமானத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போர் அவரை மத்தியக் கிழக்கு நாடுகளுக்குக் கொண்டுபோனது. அங்கே வீரர்களுக்காக நடத்திய நாடகங்களில் வேஷம் கட்டினார். அப்பா ரயிலில் ஏற்றி அனுப்பிய அந்த உலகம், மகனை எங்கோ பாலைவனத்தில் பிடித்துக்கொண்டது!

1945-இல், 30 வயதில், மான்செஸ்டரில் ஒரு நாடகக் குழுவில் சம்பளத்துக்கு நடிக்க ஆரம்பித்தார். அங்கே சந்தித்த நடிகை ஜோன் கூப்பரை 1948-இல் மணந்தார். 1949-இல் வந்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனட்ஸ்' என்ற புகழ்பெற்ற படத்தின் கடைசியில் பத்திரிகை நிருபராகச் சில நொடிகள் வருவார். ஆள் குட்டை. வழுக்கை. கண்ணாடி வேறு. கதாநாயகன் வேஷம் யார் தருவார்கள்? கடைக்காரர், குமாஸ்தா, அதிகாரி என்று சின்னச் சின்ன வேஷங்களிலேயே பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. 1960-இல் 'கரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரில் துணிக்கடைக்காரர் ஸ்விண்ட்லி வேஷம் கிடைத்தபோதுதான் ஜனங்களுக்கு முகம் தெரிந்தது.

1968-இல் பிபிசியில் 'டாட்ஸ் ஆர்மி' தொடங்கியது. எழுதியவர்கள் ஜிம்மி பெர்ரி, டேவிட் கிராஃப்ட். 1940-இல் ஹிட்லரின் படை எந்த நேரமும் கடல் தாண்டி வரலாம் என்ற பயத்தில், வயதானவர்களையும் ராணுவத்துக்குப் போக முடியாதவர்களையும் சேர்த்து இங்கிலாந்தில் ஹோம் கார்டு என்று ஊர்க்காவல் படை அமைத்தார்கள். அப்படி ஒரு கற்பனைக் கடற்கரை ஊரின் படைதான் கதை. கேப்டன் வேஷத்துக்கு லோ முதல் தேர்வு இல்லை. தோர்லி வால்டர்ஸ் என்ற நடிகர் மறுத்துவிட்டார். லோ போட்டி சேனலில் வளர்ந்த ஆள் என்று பிபிசி மேலதிகாரிகளுக்குத் தயக்கம் வேறு. கடைசியில் 52 வயதில் அந்த வேஷம் இவரிடம் வந்தது.

கேப்டன் மேனரிங் அந்த ஊர் வங்கி மேனேஜர். சாதாரணத் துணிக்கடைக்காரர் மகன், படித்து மேலே வந்தவர். அவர் கீழே வேலை பார்க்கும் வில்சனோ பெரிய இடத்துப் பிள்ளை. பெரிய பள்ளிக்கூடம், நல்ல உச்சரிப்பு, அலட்டிக்கொள்ளாத நடை. வங்கியிலும் படையிலும் மேனரிங்தான் மேலே, ஆனால் சபையில் மதிப்பு வில்சனுக்கு. 1973-இல் வந்த ஒரு பகுதியில், வில்சனின் உறவினர் இறந்து அவருக்கு ஒரு குலப்பட்டம் வருகிறது. உடனே ஊர் கோல்ஃப் கிளப் வில்சனை வருந்தி அழைக்கிறது. அந்தக் கிளப்புக்குள் நுழையத்தான் மேனரிங் வருஷக்கணக்கில் வாசலில் காத்திருக்கிறார். அதைக் கேட்கும்போது லோ ஒன்றுமே செய்யமாட்டார். முகம் அப்படியே நிற்கும், கண்ணாடிக்குள் கண் மட்டும் லேசாக மாறும். ஜனங்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மேனரிங் நல்லவர் என்று நான் வாதாட வரவில்லை. தற்பெருமை பிடித்தவர். கீழே இருப்பவர்களை விரட்டுகிறவர். ஆனால் ஆபத்து என்று வந்தால் முதல் ஆளாக முன்னால் போய் நிற்பார். பயந்தவன் பந்தா காட்டுவதும், அதே ஆள் பயப்படாமல் நிற்பதும் ஒரே முகத்தில் தெரியணும். அதுதான் லோவின் திறமை. அவரிடமும் குறை உண்டு. வசனத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கமாட்டாராம். பேச்சில் வரும் தடுமாற்றமும் மேனரிங்குக்குப் பொருந்திப்போனது அவர் அதிர்ஷ்டம். நண்பர்களே, நம்ம செமஸ்டருக்கு இந்த முறை ஒத்துவராது!

தொடர் 1977 வரை 80 பகுதிகள் ஓடியது. ஒரு கட்டத்தில் ஒன்றே முக்கால் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அப்போது இங்கிலாந்தில் டிவி காமெடி எது ஓடினாலும் அதைச் சினிமாவாக எடுக்கும் வழக்கம் இருந்தது. 1971-இல் 'ஆன் த பஸஸ்' படமாகி வசூலை அள்ளியது. அதே ஆண்டில் நார்மன் கோஹன் இயக்கத்தில் 'டாட்ஸ் ஆர்மி' படமும் வந்தது. நடிகர்கள் ஏறக்குறைய அதே ஆட்கள், லோவும் உண்டு. ஆனால் ஊரை மாற்றினார்கள். பைக் என்ற பையனின் அம்மாவாக வேறு நடிகையைப் போட்டார்கள். ஜெர்மன் படையையும் திரையில் காட்டினார்கள். எழுதியவர்களுக்கே திருப்தி இல்லை. டிவியில் எதிரி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியமாட்டான். ஒரு சர்ச் மண்டபம், அதற்குள் ஏழெட்டுப் பேர். எதிரியைவிட ஒருத்தருக்கொருத்தர் மரியாதை போய்விடுமோ என்ற பயம்தான் அங்கே பெரிசு. படம் அந்த மண்டபத்தின் கதவைத் திறந்துவிட்டதும் பாதி காற்று வெளியே போய்விட்டது என்பது என் எண்ணம்.

2016-இல் ஆலிவர் பார்க்கர் மறுபடியும் படமாக எடுத்தார். மேனரிங்காக டோபி ஜோன்ஸ், வில்சனாக பில் நைய், உளவாளியாக கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸ். செல்போனில் பார்த்தேன். டோபி ஜோன்ஸ் நல்ல நடிகர், குறை சொல்லமாட்டேன். ஆனால் தொடரில் முகமே காட்டாத மேனரிங்கின் மனைவியை இந்தப் படத்தில் நேரில் கொண்டுவந்துவிட்டார்கள். தொடரில் அவர் ஃபோனில் மட்டும்தான் இருப்பார். அந்த வீடு எப்படி இருக்கும் என்று லோவின் முகத்தைப் பார்த்து நாம்தான் கண்டுபிடிக்கணும். இன்னொரு கணக்கும் உண்டு. தொடர் மொத்தம் ஏறத்தாழ 40 மணி நேரம். படமோ இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஒரு மனிதனை மெல்ல மெல்லப் புரிந்துகொண்டு சிரிப்பதற்கு அந்த நேரம் போதாது.

1973-இல் வந்த 'ஓ லக்கி மேன்' படத்துக்காக லோவுக்கு பாஃப்டா விருது கிடைத்தது. பிற்காலத்தில் திடீர் திடீரெனத் தூக்கம் வந்து அமுக்கும் வியாதி வந்தது. அப்போதும் நடிப்பதை விடவில்லை. 1982 ஏப்ரல் 14 அன்று மதியம் பர்மிங்ஹாமில் டிவி பேட்டி கொடுத்தார். மாலை 'ஹோம் அட் செவன்' நாடகம், அதிலும் வங்கி ஊழியர் வேஷம்தான். திரை தூக்கும் முன் ஒப்பனை அறையில் சுருண்டு விழுந்தார். மறுநாள் அதிகாலை உயிர் பிரிந்தது. வயது 66. இறுதிச் சடங்குக்கு மனைவி ஜோன் வரவில்லை. அதே நாடகத்தில் பெல்ஃபாஸ்டில் நடித்துக்கொண்டிருந்தார். ஒரு காட்சியையும் தவறவிடமாட்டேன் என்று இருந்துவிட்டார். இது சரியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அப்பாவைப் பெற்ற பாட்டி இறந்த மூன்றாம் நாளே அப்பா தார் சுமக்கப் போனது ஞாபகம் வந்தது.

தொடரின் வெளிப்புறக் காட்சிகள் எடுத்த தெட்ஃபோர்டு ஊரில் 2010-இல் கேப்டன் மேனரிங்குக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பெயரைச் சரியாகச் சொன்னால்தான் இடம் என்று யாரும் கேட்பதில்லை.

போன மாதம் செமினார். நான் எழுந்ததும் பின் பெஞ்சில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கண்ணாடியை நிமிர்த்திவிட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தேன். மூன்று இடத்தில் தடுமாறினேன். ஆனால் பாதியில் உட்காரவில்லை.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு