பகலில் உலக சாதனை, இரவில் லிஃப்ட் வேலை... ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஓடிய ஜெஸ்ஸி ஓவன்ஸ்!

உங்களை ஒரு பெரிய காலேஜ் கூப்பிடுது. எங்க டீமுக்கு வந்து ஓடுன்னு கேட்குது. ஆனா, ஃபீஸ் நீங்கதான் கட்டணும். ஹாஸ்டலில் இடம் கிடையாது. சாப்பாட்டுச் செலவுக்கு வேலை பார்த்துக்கணும். போவீங்களா?

1933-ல் 20 வயது இளைஞர் ஒருவர் போனார். பெயர் ஜெஸ்ஸி ஓவன்ஸ். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில், ஹிட்லரின் ஜெர்மனியில் நான்கு தங்கம் வென்ற அதே ஓவன்ஸ்தான். அந்த நான்கு தங்கக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவருக்கு ஒரு காலேஜ் கதை உண்டு. அதைத்தான் இப்போ பார்க்கப் போறோம்.

பெயரே தப்பா எழுதிய டீச்சர்

1913-ல் அலபாமா மாநிலத்தின் ஓக்வில் கிராமத்தில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா ஹென்றி குத்தகை விவசாயி, தாத்தா அடிமையாக இருந்தவர். வீட்டில் வைத்த பெயர் ஜேம்ஸ் கிளீவ்லேண்ட். சுருக்கமாக ஜே.சி. அவருக்கு 9 வயதானபோது பிழைப்புக்காகக் குடும்பம் வடக்கே கிளீவ்லேண்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. புதுப் பள்ளியில் டீச்சர் பெயரைக் கேட்க, பையன் தெற்கத்தி உச்சரிப்பில் ஜே.சி என்று சொல்ல, டீச்சர் காதில் அது ஜெஸ்ஸி என்று விழுந்தது. அதுவே நிலைத்துவிட்டது.

அந்த ஊரில்தான் சார்லஸ் ரைலி என்ற கோச் கிடைத்தார். பள்ளி முடிந்ததும்தான் எல்லோருக்கும் பயிற்சி. ஜெஸ்ஸிக்கு அது முடியாது. மளிகைச் சாமான் டெலிவரி, செருப்புக் கடை வேலை என்று சாயங்காலம் சம்பாதித்தால்தான் வீடு ஓடும். ரைலி என்ன செய்தார் தெரியுமா? பயிற்சியைக் காலையில், பள்ளி தொடங்குவதற்கு முன்னால் மாற்றிவைத்தார். ஒரு கோச் தன் நேரத்தை மாற்றிக்கொண்டதால்தான் உலகத்துக்கு ஓவன்ஸ் கிடைத்தார்.

1933-ல் சிகாகோவில் நடந்த தேசியப் பள்ளிகள் போட்டியில் 100 கெஜம் ஓட்டத்தை 9.4 விநாடியில் முடித்தார். அது அன்றைய உலக சாதனைக்குச் சமம். அதன்பிறகு பல்கலைக்கழகங்கள் வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தன.

அமெரிக்க காலேஜுக்கு மூன்று கதவுகள்

இங்கே ஒரு சின்ன விளக்கம். அமெரிக்கக் கல்லூரிகளில் நுழைய, வெறும் மார்க்கைத் தாண்டி சில கதவுகள் உண்டு.

முதலாவது, லெகசி அட்மிஷன். அப்பாவோ அம்மாவோ தாத்தாவோ அதே காலேஜில் படித்திருந்தால் பிள்ளைக்கு முன்னுரிமை. 1920-களில் பெரிய பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிய பழக்கம் இது. இன்றும் பல இடங்களில் இருக்கிறது, கடும் சண்டையும் நடக்கிறது.

இரண்டாவது, ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப். நன்றாக விளையாடினால் ஃபீஸ், தங்குமிடம், சாப்பாடு என எல்லாவற்றையும் காலேஜே பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது, வாக்-ஆன். டீமில் இடம் உண்டு, பணம் கிடையாது. மற்ற வீரர்களோடு அதே மைதானத்தில் அதே வியர்வையைச் சிந்தலாம். பில் மட்டும் உங்களுடையது.

அடிமையின் பேரனுக்கு முதல் கதவு பிறக்கும்போதே மூடியாகிவிட்டது. அவர் தேர்ந்தெடுத்த ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தால் அன்று தடகளத்துக்கு ஸ்காலர்ஷிப் தர முடியவில்லை. அதனால் இரண்டாவதும் இல்லை. இன்றைய பெயரில் சொன்னால், உலகின் மிக வேகமான வாக்-ஆன் மாணவர் அவர்தான்.

லிஃப்ட், பெட்ரோல் பங்க், லைப்ரரி

கொலம்பஸ் நகரில் அவர் பார்த்த வேலைகளின் லிஸ்ட் பெரிசு. அரசுக் கட்டடத்தில் இரவு நேர லிஃப்ட் ஆபரேட்டர். ஹோட்டலில் சர்வர். பெட்ரோல் பங்கில் வண்டிகளுக்குப் பெட்ரோல் போடுவது. லைப்ரரியில் புத்தகம் அடுக்குவது. ஊரில் அவரை நம்பி ரூத் இருந்தார், கைக்குழந்தை இருந்தது. இருவரும் 1935 ஜூலையில் திருமணம் செய்துகொண்டார்கள்.

கறுப்பின மாணவர்களுக்கு கேம்பஸ் விடுதியில் இடமில்லை. அவர் மற்ற கறுப்பின வீரர்களோடு வெளியே தங்கினார். போட்டிக்காக வெளியூர் போனால், டீம் உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலுக்குள் இவர்களை விட மாட்டார்கள். பார்சல்தான். தங்குவதும் தனி இடத்தில்.

இப்படிப்பட்ட நிலையில்தான் 1935 மே 25 வந்தது. ஆன் ஆர்பர் நகரில் பிக் டென் பல்கலைக்கழகங்களின் போட்டி. சில நாள் முன்னால் மாடிப்படியில் விழுந்து முதுகில் அடி. குனியவே முடியாத நிலை. கோச் லாரி ஸ்னைடருக்கு அவரை இறக்கலாமா என்றே சந்தேகம். ஒரு ரேஸ் மட்டும் ஓடிப் பார்க்கிறேன் என்று இறங்கினார். அடுத்த முக்கால் மணி நேரத்தில் 100 கெஜத்தில் உலக சாதனையைச் சமன் செய்தார். நீளம் தாண்டுதல், 220 கெஜம், 220 கெஜம் தடை ஓட்டம் மூன்றிலும் புது உலக சாதனை. அன்று அவர் தாண்டிய 8.13 மீட்டரை 25 வருஷம் யாராலும் தாண்ட முடியவில்லை.

காலேஜுக்குப் பெருமை, பத்திரிகைகளுக்குத் தலைப்புச் செய்தி. ஆனா, அவருக்குப் பணம்? ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. அமெச்சூர் விதி அப்படி. அந்தக் கோடையில் ஓஹியோ சட்டமன்றத்தில் அவர் பார்த்த வேலையின் சம்பளமே சிக்கலானது. போட்டிகளுக்காக வெளியூரில் இருந்த நாள்களுக்கும் சம்பளம் வந்ததால் விசாரணை நடந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துத்தான் தப்பித்தார்.

இன்னொரு விலையும் இருந்தது. பகலில் பயிற்சி, இரவில் வேலை, வார இறுதியில் பயணம். படிக்க எங்கே நேரம்? மார்க் சரிந்தது. 1936 குளிர்காலத்தில், ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களே இருந்தபோது, மார்க் போதாமல் காலேஜ் டீமுக்கு ஓட முடியாமல் போனார்.

தங்கத்துக்குப் பிறகு

பெர்லினில் 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், 4x100 தொடர் ஓட்டம் என நான்கு தங்கம். கையோடு அமெரிக்கத் தடகள அதிகாரிகள் ஐரோப்பா முழுக்க அவரை ஓடவைத்து நிதி திரட்டினார்கள். களைத்துப்போனவர், ஸ்வீடன் பயணத்துக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார். உடனே சஸ்பெண்ட். அமெச்சூர் போட்டிகளின் கதவு அன்றோடு மூடியது. அவர் வயது 23-ஐக் கூட எட்டவில்லை.

நியூயார்க் நகரம் ஊர்வலம் நடத்திக் கொண்டாடியது. அவருக்காகவே வால்டோர்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் நடந்த விருந்துக்கு, அவர் சரக்கு லிஃப்ட்டில்தான் மேலே போக வேண்டியிருந்தது. வருகிறேன் வருகிறேன் என்ற விளம்பர வாய்ப்புகள் பெரும்பாலும் வரவில்லை. அந்த டிசம்பரில் ஹவானாவில் பணத்துக்காகக் குதிரையோடு ஓடினார். பிறகு தொடங்கிய டிரை கிளீனிங் தொழில் 1939-ல் திவாலானது.

இதற்கு நடுவிலும் அவர் ஒன்றை விடவில்லை. 1940-ல் டிகிரியை முடிக்க மறுபடி ஓஹியோ ஸ்டேட் போனார். குடும்பம், தொழில், படிப்பு மூன்றையும் இழுக்க முடியவில்லை. 1941 முடியும்போது டிகிரி இல்லாமலே வெளியே வந்தார்.

விளையாட்டுத் திறமைக்காக மட்டுமே, குடும்ப வருமானத்தைப் பார்க்காமல் ஸ்காலர்ஷிப் தரலாம் என்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ 1956-ல் அனுமதித்தது. ஓவன்ஸுக்கு அது 20 வருஷம் லேட்.

கடைசியில் வந்த பட்டம்

பிற்காலத்தில் வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது. பேச்சாளர் ஆனார். 1955-ல் அமெரிக்க அரசின் நல்லெண்ணத் தூதராக இந்தியாவுக்கும் வந்தார். 1972-ல் ஓஹியோ ஸ்டேட் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1976-ல் நாட்டின் உயரிய விருதான சுதந்திரப் பதக்கம். 1980 மார்ச் 31-ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை மாணவர்களின் படிப்புக்கு உதவியது. ஒரு காலத்தில் அவருக்கு விடுதி தராத பல்கலைக்கழகத்தின் தடகள மைதானம் இன்று அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

மைதானத்துக்குப் பெயர் வைப்பது நல்ல விஷயம்தான். ஆனா, 1935-ல் அவருக்குத் தேவைப்பட்டது ஒரு ரூம், மூணு வேளை சாப்பாடு, படிக்கக் கொஞ்சம் நேரம். அவ்ளோதான்.

விளையாட்டை நம்பி காலேஜ் தேடுறவரா நீங்க? சீட் கிடைச்ச சந்தோஷத்தில் இதையெல்லாம் கேட்க மறந்துடாதீங்க. ஃபீஸ் யார் கட்டுவார்கள்? தங்குவதும் சாப்பாடும் அதில் சேருமா? அடிபட்டு ஒரு சீசன் ஆட முடியலைன்னா உதவி தொடருமா? போட்டியால் தவறும் பரீட்சையைத் திரும்ப எழுத விடுவாங்களா? பதிலை எழுத்தில் வாங்கிக்கோங்க. உலகின் வேகமான மனிதரின் டிகிரியே இந்தக் கேள்விகளில்தான் தொலைந்துபோனது.