அடி தாங்கிய மார்சியானோ

கிருஷ்ணகிரியிலிருந்து கிழக்கே போகும் நெடுஞ்சாலையில் வாணியம்பாடியும் ஆம்பூரும் இருக்கின்றன. தோலுக்கும் ஷூவுக்கும் பெயர் பெற்ற ஊர்கள். அமெரிக்காவிலும் அப்படிப் பெயர் பெற்ற ஓர் ஊர் உண்டு. அதுதான் பிராக்டன்.

அந்த ஊர் ஷூ தொழிலாளி ஒருவரின் மகன், உலக "ஹெவி வெயிட்" குத்துச்சண்டை சாம்பியன் ஆனார். அவர் பெயர் ராக்கி மார்சியானோ. தொழில்முறை வீரராக 49 சண்டைகள் போட்டார். 49-லும் வெற்றி! அவற்றில் 43 "நாக் அவுட்"!

அவர் கொடுத்த குத்துக்களைப் பற்றி உலகமே பேசியது. அவர் வாங்கிய குத்துக்களோ, அதைவிட ஆச்சரியமானவை.

பிழைத்த குழந்தை

மார்சியானோ 1923-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி பிறந்தார். பெற்றோர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். ஒன்றரை வயதில் நிமோனியா காய்ச்சல் வந்து, சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார்.

படிப்பைப் பாதியில் விட்டார். ஐஸ் சுமந்தார், நிலக்கரி சுமந்தார், மண் வெட்டினார். ஷூ தொழிற்சாலையிலும் வேலை பார்த்தார். "பேஸ்பால்" ஆட்டக்காரர் ஆக வேண்டும் என்பது ஆசை. 1947-ல் அந்தத் தேர்வில் கழித்துவிட்டார்கள். அதன் பிறகே முழு மூச்சாகக் குத்துச்சண்டையில் இறங்கினார்.

குட்டைக் கை

ஹெவி வெயிட் வீரர்களில் மார்சியானோ சிறியவர். உயரம் 6 அடிக்குக் குறைவு. எடை சுமார் 185 பவுண்டு. கையும் குட்டை.

குட்டைக் கைக்காரர் எதிரியை அடிக்க வேண்டுமானால், நெருங்கிப் போக வேண்டும். நெருங்கினால் அடி விழும். எனவே அடி தாங்குவது அவருக்குப் பெருமை அல்ல, பிழைப்பு. குனிந்து பதுங்கி முன்னேறும் முறையை, பயிற்சியாளர் சார்லி கோல்ட்மன் கற்றுக்கொடுத்தார்.

தாடையில் என்ன இருக்கிறது?

தாடையில் குத்து விழுந்தால் தலை சட்டென்று திரும்புகிறது. மண்டைக்குள் மூளை குலுங்குகிறது. வீரர் நினைவு இழக்கிறார். கழுத்து வலுவாக இருந்தால் தலை திரும்பும் வேகம் குறையும். வருவதைப் பார்த்து வாங்கும் குத்தைவிட, பார்க்காமல் வாங்கும் குத்தே ஆளை வீழ்த்தும்.

ஆகவே, ஒருவர் எத்தனை முறை விழுந்தார் என்று மட்டும் எண்ணினால் போதாது. யார் அடித்தார்? எழுந்தவர் பிறகு என்ன செய்தார்? அதையும் பார்க்க வேண்டும்.

மார்சியானோ தம் தொழில்முறைச் சண்டைகளில் விழுந்தது இரண்டே முறை.

முதல் முறை, 1952 செப்டம்பர் 23-ந் தேதி. சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட், முதல் ரவுண்டிலேயே இடது கையால் வீழ்த்தினார். மார்சியானோ எழுந்தார். 12 ரவுண்டு முடிந்தபோது புள்ளிக் கணக்கில் பின்தங்கி இருந்தார். 13-வது ரவுண்டில் வலது கையால் ஒரே குத்து! வால்காட் கயிற்றைப் பிடித்தபடி சரிந்தார். பட்டம் கைமாறியது.

இரண்டாவது முறை, 1955-ல். ஆர்ச்சி மூர் இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். ஒன்பதாவது ரவுண்டில் மூர் வீழ்ந்தார்.

இடையில் 1954-ல் எசார்ட் சார்லசுடன் மோதியதில் மூக்கு பிளந்து ரத்தம் கொட்டியது. சண்டையை நிறுத்திவிடுவார்கள் என்ற நிலை. எட்டாவது ரவுண்டில் சார்லசை வீழ்த்தினார்.

குறை சொல்பவர்களும் உண்டு. வால்காட்டுக்கு அப்போது வயது 38. மூரும் இளைஞர் அல்ல. மார்சியானோ பிற்காலத்து ராட்சத வீரர்களைச் சந்திக்கவே இல்லை என்கிறார்கள். அது நியாயமே. ஆனால் விழுந்த இரண்டு முறையும் எழுந்து வென்றார் என்பதை யாரும் மறுக்க முடியாது.

அடியின் விலை

1949 டிசம்பர் 30-ந் தேதி, கார்மைன் விங்கோ என்ற இளைஞர் மார்சியானோவின் குத்தில் நினைவு இழந்தார். சாவோடு போராடிப் பிழைத்தார். ஆனால் அவர் மறுபடி மேடை ஏறவில்லை.

1951-ல் மார்சியானோவை எதிர்த்தவர் ஜோ லூயி. மார்சியானோ பெரிதும் மதித்த முன்னாள் சாம்பியன். வரிக் கடனால் ஓய்வை விட்டு மீண்டும் சண்டைக்கு வந்தவர். வயது 37. எட்டாவது ரவுண்டில் லூயி வீழ்ந்தார். வென்ற மார்சியானோ அழுதார்.

அந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை போலும். 1956 ஏப்ரல் மாதம், பட்டத்தோடு ஓய்வு பெற்றார். அப்போது வயது 32.

1980-ல் சென்னைக்கு வந்து காட்சிச் சண்டை போட்ட முகமது அலியும் அடி தாங்குவதில் மன்னர்தான். ஆனால், அவர் நெடுங்காலம் தாங்கினார். 1984-ல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. 2016-ல் காலமானார். தலையில் வாங்கிய அடிகள் கணக்கில் சேர்ந்துகொண்டே போகின்றன என்பது மருத்துவர்கள் இன்று அறிந்த உண்மை.

1969 ஆகஸ்டு 31-ந் தேதி, அயோவா மாநிலத்தில் சிறு விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. அதில் மார்சியானோ மாண்டார். மறுநாள் அவருக்கு 46-வது பிறந்த நாள்.

2012-ல் பிராக்டன் நகரில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். வால்காட்டை வீழ்த்திய அந்த வலது கைக் குத்தோடு, ஷூ தொழிலாளியின் மகன் அங்கே நிற்கிறார்.