யானையும் நுண்ணுயிரும்

தமிழ்நாட்டின் தென்பகுதியில், கோவில்பட்டியைச் சுற்றிக் கரிசல் நிலம் பரந்து கிடக்கின்றது. மழை பெய்தால் பசைபோலக் குழைந்தும், கோடையில் பாளம் பாளமாக வெடித்தும் நிற்கும் மண் அது. பருத்தியும் கம்பும் சோளமும் அந்நிலத்தின் செல்வங்கள். வற்றாத ஆறு இல்லாத அப்பகுதியின் மக்கள், மழைநீரைத் தேக்கும் ஊருணிகளையும் கண்மாய்களையும் நம்பியே நெடுங்காலம் வாழ்ந்து வந்தனர். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எட்டயபுரம். தமிழுக்குப் புதுநெறி காட்டிய கவிஞர் சுப்பிரமணிய பாரதியார் 1882-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் இவ்வூரிற் பிறந்தார்.

பாரதியாரைக் கோயில் யானை கொன்றுவிட்டது என்று இன்றும் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. யானையின் தாக்குதலினின்று அவர் உயிர் தப்பினார். பின்னர் அவர் உயிரைக் கவர்ந்தது குடலைப் பற்றிய ஒரு நோயே ஆகும். அவ்வரலாறு அனைவரும் அறியத்தக்கது.

பிறப்பும் இளமையும்

பாரதியாரின் தந்தையார் சின்னசாமி ஐயர். தாயார் இலட்சுமி அம்மாள். மைந்தர் ஐந்து வயது எய்திய பொழுதே அன்னையார் மறைந்தார். தந்தையார் கணிதத்திலும் பொறிகளிலும் ஆர்வம் மிக்கவர். கரிசலில் விளையும் பருத்தியை நம்பி எட்டயபுரத்தில் ஆலை ஒன்றை நிறுவினார். அத்தொழில் நசித்தது. பொருளை இழந்து மனம் உடைந்த அவர் 1898-ஆம் ஆண்டில் காலமானார். இளம்பருவத்திலேயே கவிபாடும் ஆற்றல் வாய்க்கப்பெற்ற சுப்பிரமணியத்துக்கு எட்டயபுரம் அவையில் பாரதி என்னும் பட்டம் அளிக்கப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது பதினொன்று. திருநெல்வேலியிற் கல்வி பயின்ற அவர், தந்தையார் மறைந்தபின் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கினார்.

பணியும் துன்பமும்

1904-ஆம் ஆண்டில் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியிற் சின்னாள் தமிழாசிரியராக இருந்த பாரதியார், அவ்வாண்டின் இறுதியிற் சென்னை சென்று சுதேசமித்திரன் நாளிதழிற் சேர்ந்தார். 1906-ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியா என்னும் வார இதழ் அவருடைய எழுத்தின் வன்மையால் நாடெங்கும் புகழ் பெற்றது. ஆங்கில அரசின் அடக்குமுறை நெருங்கவே, 1908-ஆம் ஆண்டிற் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிற் புகல் அடைந்தார். அங்கே பத்தாண்டுகள் வறுமையோடு போராடினார். பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு ஆகியவை அவ்வறுமைக்கு இடையே மலர்ந்தவையே. 1918-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிற் புதுவையை விட்டு வெளியேறியபொழுது கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். சில வாரங்களுக்குப்பின் விடுதலை பெற்றுத் துணைவியார் செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் வாழ்ந்தார். 1920-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மீண்டும் சென்னைக்கு வந்து சுதேசமித்திரனிற் பணியேற்றுத் திருவல்லிக்கேணியிற் குடியமர்ந்தார்.

யானையின் தாக்குதல்

திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் யானை ஒன்று இருந்தது. பாரதியார் அதற்குத் தேங்காயும் பழமும் அன்புடன் அளிப்பது வழக்கம். ஒருநாள் மதம் பிடித்திருந்த அவ்யானையை அவர் அஞ்சாது நெருங்கினார். யானை அவரைத் தள்ளிவிட்டது. அவர் அதன் காலடியில் விழுந்தார். அவருடைய அன்பராகிய குவளைக்கண்ணன் தம் உயிரையும் பொருட்படுத்தாது உள்ளே பாய்ந்து அவரைத் தூக்கி வந்தார். இராயப்பேட்டை மருத்துவமனையில் மருத்துவம் பெற்ற பாரதியார், காயங்கள் ஆறிப் பணிக்குத் திரும்பினார். 1921-ஆம் ஆண்டில், நோய்வாய்ப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்துக்குச் சென்று, மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருள்பற்றிச் சொற்பொழிவும் ஆற்றினார்.

அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களின் தொடக்கத்தில் பாரதியாரை வயிற்றுக்கடுப்பு நோய் பற்றியது. சீதபேதி என்று மக்கள் வழங்குவதும் இந்நோயே. வறுமையும் அலைச்சலும் ஏற்கெனவே மெலிவித்திருந்த உடல் இதனைத் தாங்கவில்லை. இந்நோய் எத்தகையது என்பதை உணர்வதற்குக் குடலின் தொழிலை முதலில் அறிதல் வேண்டும்.

குடலின் தொழில்

உண்ட உணவு இரைப்பையிற் பக்குவப்பட்டுச் சிறுகுடலை அடைகின்றது. சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுடையது. உணவின் சத்து பெரும்பாலும் அங்கேயே உடலிற் சேர்கின்றது. எஞ்சியது, ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளமுள்ள பெருங்குடலைச் சென்று சேரும். நாம் பருகும் நீரும், உமிழ்நீர் முதலாகக் குடலிற் சுரக்கும் நீர்களும் சேர்ந்து ஒரு நாளிற் குடலினுட் புகும் நீர் ஏறத்தாழ 9 லிட்டர் ஆகும். சிறுகுடல் அதிற் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ள, ஒன்று அல்லது ஒன்றரை லிட்டரே பெருங்குடலுக்கு வருகின்றது. பெருங்குடல் அதனையும் உறிஞ்சிக்கொள்வதால், மலத்துடன் வெளியேறும் நீர் 200 மில்லிலிட்டருக்கு மேற்படுவதில்லை. வறண்ட நிலத்தில் வாழும் உழவன் ஒரு துளி நீரையும் வீணாக்காது காப்பது போன்றது இத்தொழில்.

பெருங்குடலிற் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. கம்பு, சோளம், கீரை, பருப்பு முதலியவற்றில் உள்ள நார்ச்சத்தை மனிதர் செரித்துக்கொள்ள இயலாது. அந்த நார்ச்சத்தை இந்நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து, குடற்சுவருக்கு உணவாகும் பொருள்களை உண்டாக்குகின்றன. கரிசல் மக்கள் காலங்காலமாக உண்டுவந்த கம்பங்கூழும் சோளச்சோறும் குடலுக்கு உகந்த உணவு என்பது இதனால் விளங்கும்.

கடுப்பு நோய்

தீய கிருமிகள் பெருங்குடலின் உட்சுவரைத் தாக்கிப் புண்ணாக்கும்பொழுது வயிற்றுக்கடுப்பு தோன்றுகின்றது. வயிறு முறுக்கி வலிக்கும். அடிக்கடி மலங்கழிக்க நேரிடும். மலத்துடன் சளியும் குருதியும் கலந்து போகும். இந்நோயைப் பெரும்பாலும் இருவகைக் கிருமிகள் விளைக்கின்றன. ஒன்று சிகெல்லா என்னும் பாக்டீரியா. ஜப்பானிய அறிஞர் கியோஷி ஷிகா என்பவர் 1897-ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தார். அவர் பெயரே அதற்கு இடப்பட்டது. நூறு கிருமிகள் உட்சென்றாலே இந்நோய் பற்றிவிடும். மற்றொன்று அமீபா என்னும் ஒரு செல் உயிர். உருசிய நாட்டு மருத்துவர் லோஷ் என்பவர் 1875-ஆம் ஆண்டில் நோயாளி ஒருவரிடம் இதனைக் கண்டார். இவ்வமீபா குடலைத் துளைத்துக் கல்லீரலுக்கும் சென்று சீழ்க்கட்டியை உண்டாக்கவல்லது. பாரதியார் மறைவதற்கு 17 திங்கள் முன்னர் மறைந்த கணித மேதை இராமானுசனின் உயிரைக் குடித்ததும் காசநோயன்று, இவ்வமீபாவே எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர்.

இவ்விருவகைக் கிருமிகளும் நோயாளியின் மலத்திலிருந்து நீர், உணவு, ஈக்கள், கழுவாத கைகள் ஆகியவற்றின் வழியே பிறர் வாயை அடைகின்றன. மழை பொய்த்து ஊருணி நீர் வற்றும் காலத்தில், மனிதரும் கால்நடையும் ஒரே கலங்கல் நீரைப் பயன்படுத்த நேர்ந்த ஊர்களில் இத்தகைய நோய்கள் எளிதிற் பரவின. நகரங்களிலும் கழிவுநீர் கலந்த குடிநீர் இத்தீங்கையே விளைத்தது.

இறுதி நாட்கள்

பாரதியாரின் நோய் நாளுக்கு நாள் முற்றியது. நண்பர்கள் மருத்துவரை அழைத்து வந்தனர். ஆனால் பாரதியார் தமக்கு நோய் இல்லை என்று கூறி மருந்து உட்கொள்ள மறுத்துவிட்டார். செப்டம்பர் 11-ஆம் நாள் இரவு பரலி சு. நெல்லையப்பர், நீலகண்ட பிரமச்சாரி முதலிய அன்பர்கள் உடனிருந்தனர். அந்நிலையிலும், ஆப்கானிய மன்னர் அமானுல்லாகானைப் பற்றிய கட்டுரையை மறுநாள் அலுவலகத்துக்கு எழுதித் தரவேண்டும் என்னும் நினைவே அவருக்கு இருந்தது. நள்ளிரவு கடந்தபின் அவருடைய உயிர் பிரிந்தது. அப்பொழுது அவருக்கு முப்பத்தொன்பது வயதும் நிரம்பவில்லை. அவருடைய இறுதி ஊர்வலத்திற் சென்றவர்கள் மிகச் சிலரே.

மருந்தின் வளர்ச்சி

பாரதியார் மருந்தை மறுக்காதிருந்தாலும், அந்நாளைய மருத்துவம் அவருக்கு அளிக்கக்கூடியது சிறிதே. பிரேசில் நாட்டு இபெக்காக் வேரிலிருந்து எடுக்கப்படும் எமெட்டின் என்னும் மருந்தை 1912-ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் லியோனார்டு ரோஜர்ஸ் என்னும் மருத்துவர் ஊசிவழிச் செலுத்தி, அமீபா நோயைத் தணிக்கும் முறையைக் கண்டார். எனினும் அம்மருந்து நெஞ்சத் துடிப்பைத் தாக்கும் இயல்புடையது. சிகெல்லாவை அழிக்கும் நல்ல மருந்து அக்காலத்தில் இல்லை. சல்பா மருந்துகள் 1930-களிலும், நுண்ணுயிர்க்கொல்லிகள் 1940-களிலும் வந்தன. அமீபாவை ஒழிக்கும் மெட்ரோனிடசோல் 1960-களிற் பயன்பாட்டுக்கு வந்தது.

இவற்றினும் எளிய மருந்து ஒன்று உண்டு. வயிற்றுப்போக்கிற் பெரும்பாலோர் இறப்பது, உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறி விடுவதனாலேயே ஆகும். உப்பையும் சர்க்கரையையும் அளவாகக் கரைத்த நீரைப் பருகினால், சர்க்கரை உப்பைக் குடற்சுவரினுள் ஈர்க்க, அவற்றைத் தொடர்ந்து நீரும் உடலிற் சேரும். 1971-ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்பொழுது, மேற்கு வங்காளத்தின் பன்கான் அகதிகள் முகாமிற் காலரா பரவியது. ஊசிவழிச் செலுத்தும் உப்புநீர் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகலநபிஸ் இக்கரைசலையே ஆயிரக்கணக்கானோர்க்குப் பருகக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த இறப்பு, நான்குக்கும் கீழே குறைந்தது. இன்று இக்கரைசலுக்கான பொட்டலம் சிற்றூர் நலவாழ்வு நிலையங்களிலும் கிடைக்கின்றது. அது கிடைக்காதவிடத்துக் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியின் விளிம்புக்கு மட்டமாக அளந்து கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகலாம்; கஞ்சி முதலிய உணவையும் நிறுத்தலாகாது.

எனினும், மலத்திற் குருதி காணப்பட்டால் இக்கரைசல் ஒன்றே போதாது. காலந்தாழ்த்தாமல் மருத்துவரை அடைதல் வேண்டும். போக்கை அடக்கும் மருந்தைத் தாமே வாங்கி உண்பது, கிருமியை உள்ளே நிறுத்திக் கேடு விளைக்கலாம். நுண்ணுயிர்க்கொல்லிகளை முறையின்றி உண்டதனால், அவற்றுக்கு அடங்காத சிகெல்லாக் கிருமிகள் இன்று பல நாடுகளிற் பெருகியுள்ளன. ஆகவே, மருத்துவர் குறித்த மருந்தைக் குறித்த நாள்வரை உண்ணுதல் இன்றியமையாதது.

எட்டயபுரத்தில் பாரதியாருக்கு எழுப்பப்பெற்ற மணிமண்டபம் 1947-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கரிசல் மண் ஈன்ற அப்பெருங்கவிஞருடைய நினைவு என்றும் அழியாது. ஆயினும், அவர் இன்னும் முப்பது ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் நாட்டின் விடுதலையைக் கண்ணாற் கண்டிருப்பார். தமிழும் மேலும் பல காவியங்களைப் பெற்றிருக்கும். மதங்கொண்ட யானையினின்று அவரைக் காக்க ஓர் அன்பர் பாய்ந்து சென்றார். கண்ணுக்குப் புலனாகாத கிருமியினின்று காப்பதற்கோ, அத்தகைய வீரச்செயல் வேண்டுவதில்லை. தூய குடிநீர், கழிப்பறை, உண்ணுமுன் சோப்பிட்டுக் கழுவிய கை, நோய் கண்டவுடன் தக்க மருத்துவம் ஆகிய இவை ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு வீட்டிலும் வாய்க்குமாயின், இளமையில் இத்தகைய பேரிழப்பு நேராது.