ரொட்டி அடுப்பில் ரப்பர் சுட்டவர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்தில் கரி மூட்டம் பார்க்காதவர்கள் குறைவு. சீமைக் கருவேல மரத்தை வெட்டுவார்கள். கட்டைகளை நெருக்கமாக அடுக்குவார்கள். மேலே தழையும் வைக்கோலும் போட்டு மண்ணால் மூடுவார்கள். பிறகு தீ வைப்பார்கள். மூட்டம் நாள் கணக்கில் உள்ளுக்குள்ளேயே புகைந்து கொண்டிருக்கும்.

தீ வைப்பது பெரிய வேலை அல்ல. தீயை அடக்கி வைப்பதுதான் வேலை. காற்று அதிகம் போனால் கட்டை சாம்பலாகிவிடும். காற்று போதாவிட்டால் வேகாத கட்டைதான் மிஞ்சும். துளைகளைத் திறந்தும் அடைத்தும் சூட்டைச் சரிப்படுத்த வேண்டும். அனுபவசாலிகள் புகையைப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட ஒரு பதத்தைக் கண்டுபிடிக்க 5 ஆண்டுகள் அடுப்படியில் கிடந்தார் ஒருவர். அதற்காகச் சொத்தை இழந்தார். பட்டினி கிடந்தார். சிறைக்கும் போனார். அவர் பெயர் சார்லஸ் குட்இயர்.

சைக்கிள் டயர், பஸ் டயர், ரப்பர் செருப்பு எல்லாம் இன்று நம் கையில் இருப்பதற்கு அவர் பட்ட பாடுதான் காரணம்.

கடனும் சிறையும்

குட்இயர் அமெரிக்காவில் நியூஹேவன் என்ற ஊரில் 1800-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி பிறந்தார். தந்தை அமாசா, இரும்புச் சாமான்களும் பொத்தான்களும் செய்து விற்றவர். மகனும் அதே தொழிலைக் கற்றார்.

1824-ம் ஆண்டு குட்இயருக்கும் கிளாரிசா என்ற பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. 2 ஆண்டுகள் கழித்து பிலடெல்பியா நகரில் இரும்புக்கடை திறந்தார். முதலில் வியாபாரம் நன்றாக நடந்தது. பிறகு கடன் ஏறியது. கடை நொடித்தது.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில், வாங்கிய கடனைத் திருப்பித் தராதவர்களைச் சிறையில் போடுவார்கள். குட்இயரும் சிறைக்குப் போனார். அதன் பிறகும் பல தடவை போனார்.

கோடையில் கூழ், குளிரில் கல்

1834-ம் ஆண்டு நியூயார்க் நகரில் ஒரு ரப்பர் கடைக்குள் அவர் நுழைந்தார். தண்ணீரில் மூழ்காமல் காப்பாற்றும் காற்றுப்பை ஒன்றை அங்கே பார்த்தார். அதன் காற்றுக் குழாய்க்கு மேலான ஓர் அமைப்பைச் செய்து கொண்டுபோய்க் காட்டினார். கடை நிர்வாகி அதை வாங்கவில்லை. ரப்பர்த் தொழிலே மூழ்கிக் கொண்டிருக்கிறது என்ற உண்மையைச் சொன்னார்.

அப்போது ரப்பர் என்பது மரத்துப் பாலை உறைய வைத்த பொருள். அவ்வளவுதான். குளிர்காலத்தில் அது கல்லைப்போல் இறுகும். கோடையில் உருகி, கூழாகி, நாற்றம் அடிக்கும். வாங்கியவர்கள் எல்லாம் உருகிப்போன சாமான்களைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

வெயிலுக்கும் குளிருக்கும் அசையாத ரப்பரைத் தானே செய்வது என்று குட்இயர் முடிவு கட்டினார். அவருக்கு ரசாயனம் தெரியாது. கையில் காசும் இல்லை. ஊர் திரும்பியதும் கடனுக்காக மறுபடியும் சிறை. சிறையிலேயே ஆராய்ச்சியைத் தொடங்கினார். மனைவியிடம் சொல்லி, பச்சை ரப்பரையும் மாவு தேய்க்கும் கட்டையையும் கொண்டுவரச் செய்தார். ரப்பரைப் பிசைந்து பிசைந்து பார்த்தார்.

வெளியே வந்த பிறகு மக்னீசியா என்ற வெள்ளைப் பொடியைக் கலந்தார். ரப்பர் பிசுபிசுப்பு இல்லாமல் அழகாக வந்தது. வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து அந்த ரப்பரில் செருப்பு செய்தார்கள். கோடை வந்ததும் அத்தனையும் உருகிவிட்டது.

அடுத்து நைட்ரிக் அமிலத்தில் நனைத்தார். மேல்பக்கம் வழவழப்பாக வந்தது. அமெரிக்க அரசு தபால் பைகள் செய்யச் சொல்லி 150 பைகளுக்கு உத்தரவு கொடுத்தது. பைகளைச் செய்து ஓர் அறையில் வைத்துவிட்டு, குட்இயர் குடும்பத்தோடு வெளியூர் போனார். திரும்பி வந்து பார்த்தபோது பைகள் உருகிக் கிடந்தன. அமிலம் மேல்தோலை மட்டுமே மாற்றியது. உள்ளே பழைய ரப்பர் அப்படியே இருந்தது.

கந்தகம் வந்தது

நதானியேல் ஹேவர்டு என்பவர் ரப்பரோடு கந்தகம் சேர்த்து வெயிலில் காயவைத்துக் கொண்டிருந்தார். சிவகாசிப் பட்டாசுத் தொழிலில் பயன்படும் அதே கந்தகம்தான். அப்படிச் செய்ததில் ரப்பரின் பிசுபிசுப்பு குறைந்தது. குட்இயர் அந்த உரிமையை அவரிடம் விலைக்கு வாங்கினார். ஆனால் வெயிலின் சூடும் மேல்பக்கத்தோடு நின்றுவிட்டது.

1839-ம் ஆண்டு வூபர்ன் என்ற ஊரில் இருந்தபோது அந்தச் சம்பவம் நடந்தது. கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று சூடான அடுப்பின்மேல் தற்செயலாகப் பட்டது. ரப்பர் சூடு பட்டால் உருகும். இந்தத் துண்டோ உருகவில்லை. தோலைப்போல் கருகியது!

பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது கருகிய ரப்பர். குட்இயர் அதை உற்றுப் பார்த்தார். இன்னொரு துண்டை எடுத்து நெருப்பின்முன் காட்டினார். நடுவில் கருகியது. கருகிய இடத்துக்கும் கருகாத இடத்துக்கும் நடுவே, ஓரமாக ஒரு கோடு மட்டும் கருகாமலும் பிசுபிசுக்காமலும் இருந்தது. இழுத்தால் நீண்டது. விட்டால் சுருங்கியது. அவர் பல ஆண்டுகளாகத் தேடிய ரப்பர் அந்தச் சிறு கோட்டில் இருந்தது.

அன்று இரவு கடுங்குளிர். ஒரு துண்டைச் சமையலறைக் கதவுக்கு வெளியே ஆணி அடித்துத் தொங்கவிட்டார். காலையில் பார்த்தார். அது இறுகவில்லை. வளைத்தால் வளைந்தது.

பதம் தெரியவில்லை

கண்டுபிடிப்பு அத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

எவ்வளவு சூடு வேண்டும்? எத்தனை மணி நேரம் வேண்டும்? எவ்வளவு கந்தகம் சேர்க்க வேண்டும்? எதுவும் தெரியாது. விறகு அடுப்பில் சூடு ஒரே நிலையில் நிற்காது. ஒரு மூலை கொதிக்கும். இன்னொரு மூலை ஆறிக் கிடக்கும். சூடு குறைந்தால் ரப்பர் பிசுபிசுத்தது. கூடினால் கொப்பளித்துக் கருகியது.

கிளாரிசா ரொட்டி சுட்டு முடித்ததும் அந்த அடுப்பில் குட்இயர் ரப்பரை வைப்பார். ஒரு துண்டை ஒரு மணி நேரம் வைப்பார். மற்றொன்றை இரவு முழுவதும் வைப்பார். சாம்பலில் புதைத்துப் பார்த்தார். பாத்திரத்தில் வேகவைத்தார். கொதிக்கும் கெட்டிலின் மூக்கில் தொங்கவிட்டு ஆவி காட்டினார். பட்டறைகளில் வேலை முடிந்த நேரத்தில் போய், அடுப்பை இரவல் கேட்டார். ஊரார் அவரைப் பைத்தியம் என்றார்கள்.

வீட்டில் அடுப்பு எரிந்தது ரப்பருக்காக. சோற்றுக்கு வழி இல்லை. தட்டுமுட்டுச் சாமான்கள் அடகுக்குப் போயின. பிள்ளைகளின் பாடப் புத்தகங்களையும் விற்றார். 2 வயது மகன் இறந்தபோது அடக்கம் செய்யக்கூடப் பணம் இல்லை. கிளாரிசாவுக்குப் பல குழந்தைகள் பிறந்தன. அவர்களில் பலர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள்.

உறவினர் வில்லியம் டி பாரஸ்ட் என்பவர் கொடுத்த பணத்தில்தான் ஆராய்ச்சி தொடர்ந்தது. கடைசியில் விடை கிடைத்தது. அழுத்தத்தில் உள்ள நீராவியால் ரப்பரைச் சுட வேண்டும். சூடு சுமார் 132 டிகிரி. நேரம் 4 முதல் 6 மணி. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். அதைவிடச் சூடான ஆவி அது. இட்லிப் பானையில் ஆவி எல்லா இட்லியையும் ஒன்றுபோல் வேகவைப்பதில்லையா? அதேபோல் நீராவி ரப்பரைச் சுற்றிலும் ஒரே சீராகச் சூடாக்கியது.

நூலும் முடிச்சும்

இது எப்படி நடக்கிறது என்பது குட்இயருக்குத் தெரியாது. பிற்காலத்து விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள்.

பச்சை ரப்பர் என்பது கண்ணுக்குத் தெரியாத நீண்ட நூல்களின் குவியல். தறிப் பட்டறையில் உதிரி நூல் குவிந்து கிடப்பதுபோல. இழுத்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போய்விடும். கந்தகம் அந்த நூல்களுக்கு இடையில் அங்கங்கே முடிச்சுப் போடுகிறது. உதிரி நூல் வலையாகிவிடுகிறது. வலையை இழுத்தால் நீளும். விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும்.

முடிச்சு விழச் சூடு வேண்டும். சூடு போதாவிட்டால் முடிச்சு குறையும், ரப்பர் ஒட்டும். அளவு மீறினால் ரப்பர் கெட்டுப்போகும். இடையில் இருப்பதுதான் பதம்.

பெயர் அவருக்கு, பணம் பிறருக்கு

1844-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி குட்இயருக்கு அமெரிக்காவில் பேடண்டு உரிமை கிடைத்தது. ஒரு கண்டுபிடிப்பைப் பிறர் காப்பியடிக்காமல் இருக்க அரசு தரும் உரிமை அது.

ஆனால் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் என்பவர் முந்திவிட்டார். குட்இயரின் ரப்பர் மாதிரிகள் அவர் கைக்குக் கிடைத்திருந்தன. கந்தகத்தின் தடயத்தை அவர் கண்டுகொண்டார். 1843-லேயே அங்கே உரிமை கேட்டுப் பெற்றார். இந்த முறைக்கு வல்கனைசிங் என்ற பெயரை வைத்தவர் ஹான்காக்கின் நண்பர். வல்கன் என்பது ரோமர்களின் அக்கினி தேவன் பெயர்.

அமெரிக்காவிலும் பலர் குட்இயரின் முறையைத் திருடினார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். 1852-ம் ஆண்டு நடந்த பெரிய வழக்கில் டேனியல் வெப்ஸ்டர் என்ற பிரபல வக்கீல் அவருக்காக வாதாடினார். வழக்கு ஜெயித்தது. வக்கீலுக்குக் கொடுத்த கட்டணம் 15 ஆயிரம் டாலர்!

1855-ம் ஆண்டு பாரீஸ் கண்காட்சியில் ஏராளமான பணம் செலவழித்து ரப்பர் மண்டபம் அமைத்தார். பிரெஞ்சு உரிமை ரத்தாகிப் பண வரவு நின்றது. கடன்காரர்கள் அவரைப் பாரீசில் சிறையில் அடைத்தார்கள். பிரெஞ்சு மன்னர் 3-ம் நெப்போலியன் வழங்கிய கௌரவப் பதக்கம் சிறைக்குள்தான் அவர் கைக்கு வந்தது.

1860-ம் ஆண்டு, நோயுற்றிருந்த மகளைப் பார்க்கக் குட்இயர் புறப்பட்டார். நியூயார்க் வந்தபோதே மகள் இறந்த செய்தி கிடைத்தது. அந்த அதிர்ச்சியில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. ஜூலை 1-ந் தேதி காலமானார். அவர் விட்டுச் சென்ற கடன் சுமார் 2 லட்சம் டாலர். 1898-ல் தொடங்கிய குட்இயர் டயர் கம்பெனிக்கும் அவர் குடும்பத்துக்கும் சம்பந்தம் இல்லை. அவர் நினைவாகப் பெயர் மட்டும் வைத்தார்கள்.

கப்பல் ஏறிய தமிழர்கள்

1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். பின்னால் மோட்டார் கார் பரவியது. உலகம் முழுவதும் ரப்பர் வேண்டும் என்ற நிலை பிறந்தது. மலேயாவிலும் இலங்கையிலும் காடுகளை அழித்து ரப்பர்த் தோட்டங்கள் போட்டார்கள். அங்கே பால் வெட்டப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மழை பொய்த்த ராமநாதபுரம் சீமையிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏறினார்கள். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அந்தக் காலத்தில் அந்த ஜில்லாவைச் சேர்ந்தவைதான்.

தோட்டத்திலும் அவர்களுக்கு அடுப்பு வேலை காத்திருந்தது. ரப்பர்த் தாள்களைப் புகைக் கூடத்தில் தொங்கவிட்டு, விறகு எரித்து உலர்த்த வேண்டும். சூடு 60 டிகிரி வரை இருக்கலாம். அளவு மீறினால் தாள் கொப்பளித்துவிடும்.

சூட்டின் பதம் ரப்பரோடு முடியவில்லை. இன்று விளையாட்டுக்கு வில் செய்கிறவர்கள், மரக்கீற்றையும் கண்ணாடி இழையையும் பசையால் ஒட்டுகிறார்கள். அதை இறுக வைக்க வீட்டிலேயே மரப்பெட்டி செய்து, உள்ளே மின்சார விளக்குகளை எரிய விடுகிறார்கள். பசைக்கு ஏற்ப 70, 80 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைக்கிறார்கள். சூடு ஏறினால் விளக்கைத் தானாக அணைக்கும் கருவியும் உண்டு. பசை சரியாக இறுகாவிட்டால் நாணை இழுக்கும்போது வில் பிளந்துவிடும்.

அந்தக் கருவியோ, சூடு இவ்வளவு வேண்டும் என்று எழுதிய கணக்கோ குட்இயரிடம் இல்லை. அவரிடம் இருந்தது மனைவியின் ரொட்டி அடுப்பு ஒன்றுதான். பஞ்சர் கடையில் டியூபில் ஒட்டுப்போட்டு, அது சூட்டில் பிடிக்கும்வரை நாம் சில நிமிடம் காத்திருக்கிறோம். அந்தச் சில நிமிடக் கணக்குக்கு ஒரு குடும்பம் கொடுத்த விலை 5 ஆண்டுப் பட்டினி.