பாஸ்பரசைத் தேடிய மாமனிதர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

தீப்பெட்டியின் பக்கத்தில் பூசப்பட்டிருக்கும் கருஞ்சிவப்புப் பட்டையை அறியாதார் நம் மாவட்டத்தில் உண்டோ? அப்பட்டையில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். இரண்டும் உரசத் தீ பிறக்கிறது. 1922ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று இத்தொழிலைக் கற்று வந்தனர் என்பதும், அன்று மூட்டிய அடுப்பில்தான் இன்று நம்மில் பலர் வீட்டில் உலை கொதிக்கிறது என்பதும் நாம் அறிந்தவையே.

ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையிலிருந்து வேறோர் இளைஞர் கடல் கடந்து அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகருக்குப் புறப்பட்டார். அவரும் பல ஆண்டுகள் பாஸ்பரசைத் தேடுவதிலேயே காலத்தைச் செலவிட்டார். ஆனால் அவர் தேடியது தீக்குச்சிக்காக அன்று. மனிதனின் இரத்தத்திலும் தசையிலும் அதைத் தேடினார். அவர்தாம் எல்லப்பிரகட சுப்பாராவ்.

1895 சனவரி 12ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் அவர் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் சிறு அலுவலர். நோயினால் முன்கூட்டியே ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் வறுமை சூழ்ந்தது. பதின்மூன்று வயதில் சுப்பாராவ் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்பது அவருடைய திட்டம்! பாதி வழியிலேயே பிடித்து அழைத்து வரப்பட்டார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். மகனின் படிப்புக்காகத் தாய் வேங்கம்மா தம் நகைகளை இழந்தார் என்பர். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்திருக்கும் நம்மில் பலருக்கு இக்காட்சி புதிதன்று. அடகுக் கடைச் சீட்டு எங்கே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது நம் வீட்டிலும் எல்லோருக்கும் தெரியும்.

மாநிலக் கல்லூரியில் பயின்றபின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்கு நண்பர்களும், பின்னர் மாமனாராகிய கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் உதவினர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்கும் கதர் அங்கி அணிந்து சென்றார். பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வை நன்றாக எழுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். என்னும் பட்டமே வழங்கப்பட்டது. அரசு மருத்துவப் பணியும் கிட்டவில்லை.

அதற்குள் வீட்டில் பேரிடி விழுந்திருந்தது. ஸ்புரூ என்னும் வயிற்றுநோய் அவருடைய சகோதரர் இருவரைச் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துக் கொண்டு சென்றது. உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாமல் இரத்தம் குன்றி மெலிந்து சாகும் நோய் அது. சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத மருந்தால் அவர் பிழைத்தார். அந்த லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்றியல் ஆசிரியராகவும் சிறிது காலம் பணி செய்தார். உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு மருந்து காணவேண்டும் என்ற எண்ணம்தான் அவரைக் கப்பலேற்றியது.

பாஸ்டனில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். உதவித்தொகை இல்லை. மருத்துவமனை ஒன்றில் இரவுநேரக் கடைநிலை ஊழியராக நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவி வயிறு வளர்த்தார். மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் செய்த வேலை அது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பின்னர் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்னும் பேராசிரியரிடம் சேர்ந்தார். இருவரும் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையே உலகெங்கும் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று வழங்குகிறது. அதன் சாரத்தை வேதியியல் மாணவர்கள் எளிதில் அறியலாம். உப்புப் பகுப்பாய்வில் பாஸ்பேட்டைக் கண்டறிய நைட்ரிக் அமிலமும் அமோனியம் மாலிப்டேட்டும் சேர்த்துச் சூடாக்குகிறோம் அல்லவா? மஞ்சள் வீழ்படிவு வந்தால் மகிழ்கிறோம். பாஸ்பேட் உண்டா இல்லையா என்பதை அது சொல்லும். எவ்வளவு உண்டு என்பதைச் சொல்லாது. சுப்பாராவ் முறையில் முதலில் இரத்தத்தில் ஓர் அமிலத்தைச் சேர்த்து அதிலுள்ள புரதங்களையெல்லாம் திரியச்செய்து வடிகட்டி விலக்குவர். தெளிந்த நீரில் மாலிப்டேட்டைச் சேர்த்து, அதனை ஒடுக்கும் பொருளொன்றையும் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். நீலம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பாஸ்பரஸ். சில துளி இரத்தத்தில் உள்ளதையும் அளந்துவிடலாம்.

அளக்கக் கைவந்தவுடன் புதிய பொருள்கள் தட்டுப்படலாயின. தசையில் கிளைக்கோஜன் சிதைந்து லாக்டிக் அமிலமாவதே அசைவுக்கு ஆற்றல் தருகிறது என்று அக்காலத்தில் நம்பினர். 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசே அந்த ஆராய்ச்சி வழியில் நின்றவர்களுக்குத்தான் கிடைத்திருந்தது. ஆனால் 1927இல் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைக் கண்டறிந்தனர். 1929இல் ஏ.டி.பி. என நாம் பாடநூலில் படிக்கும் அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் லோமான் என்பவரும் அதே ஆண்டில் தனியே அதைக் கண்டார். உயிரின் எரிபொருள் அதுதான். ஒரு நாளில் ஏறத்தாழ ஓரிலட்சம் முறை துடிக்கும் நம் இதயம், அந்த ஒரு நாளில் பல கிலோ ஏ.டி.பி.யை ஆக்கியும் அழித்தும் தீர்க்கிறது. இதயத்தின் எடையோ கால் கிலோவுக்குச் சற்று மேல். கையிருப்பு சில நொடிகளுக்கே போதும். ஆகவே இடைவிடாது ஆக்கிக்கொண்டே இருக்கவேண்டும். அதற்கு இரத்தம் இடைவிடாது பிராணவாயுவைக் கொண்டுவந்து தரவேண்டும்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பேராசிரியர் பதவியைத் தரவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருள்களைப் பிறர் பல ஆண்டுகளுக்குப்பின் மறுபடியும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், ஃபிஸ்க்கின் பொறாமையால்தான் அவை வெளிவரவில்லை என்றும், அதே துறையில் பயின்று பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஹிட்சிங்ஸ் கூறியிருக்கிறார். சுப்பாராவ் தம் வாயால் எதையும் உரிமை கொண்டாடியதாகத் தெரியவில்லை. அது பெருந்தன்மையா, அயல்நாட்டான் என்ற அச்சமா? இரண்டும் கலந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1940இல் நியூயார்க்கை அடுத்த பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து ஆராய்ச்சிக் கூடத்துக்குச் சென்றார். அங்கேதான் வாழ்நாள் கனவு நிறைவேறியது. 1945இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்திலேயே ஆக்கியது. ஸ்புரூ நோயாளியின் குன்றிய இரத்தத்தை மீட்கும் மருந்து அது. தம்பி தமையனுக்குக் காலம் கடந்துதான். அதன்பின் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. யானைக்கால் நோய்க்குத் தரப்படும் டை எத்தில் கார்பமசைன் மாத்திரை அக்கூடத்தில் பிறந்ததே. ஃபோலிக் அமிலத்தைப் போன்று தோற்றம் காட்டி அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினைக் கொண்டு, இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிக நலம் கிடைத்ததாக டாக்டர் ஃபார்பர் 1948 சூனில் வெளியிட்டார்.

இரண்டே மாதங்கள். 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் மாரடைப்பால் காலமானார். வயது 53. சென்னையில் விட்டுச் சென்ற மனைவி சேஷகிரியை அவர் மீண்டும் காணவேயில்லை.

மாரடைப்பு என்பது யாது? இதயத் தசைக்கு இரத்தம் தரும் குழாய் அடைபடுகிறது. பிராணவாயு நிற்கிறது. ஓரிரு நிமிடங்களில் முதலில் குறைவது பாஸ்போகிரியேட்டின், தொடர்ந்து ஏ.டி.பி. இரண்டுமே அவர் கண்டறிந்தவை! விதி என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. குழாய் ஏன் அடைபடுகிறது என்ற ஆராய்ச்சி அன்று குழந்தைப் பருவத்தில் இருந்தது என்பதே உண்மை. முயலுக்குக் கொலஸ்டிரால் ஊட்டி அதன் குழாய்களில் கொழுப்புப் படிவதை ருஷ்ய நாட்டின் அனிச்கோவ் 1913இலேயே காட்டியிருந்தும் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. சுப்பாராவ் பதினேழு ஆண்டுகள் உழைத்த பாஸ்டனிலிருந்து சிறிது தொலைவிலுள்ள ஃபிராமிங்காம் என்னும் சிற்றூரில் 5,209 பேரைத் தேர்ந்து, யாருக்கு எதனால் மாரடைப்பு வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது. தொடங்கிய ஆண்டு 1948. அவர் மறைந்த சில வாரங்களுக்குள் முதல் நபரைச் சோதித்தார்கள். இரத்த அழுத்தம், கொலஸ்டிரால், புகைபிடித்தல் என்று இன்று சிறுவரும் அறிந்தவை அங்கிருந்து வந்தவை.

கொலஸ்டிரால் நீரில் கரையாது. ஆகவே இரத்தத்தில் அது தனியே செல்வதில்லை. பாஸ்பரஸ் கலந்த கொழுப்பாலும் புரதத்தாலும் ஆன சிறு உருண்டைக்குள் பயணம் செய்கிறது. குழாய்ச் சுவரில் போய்ப் படியும் தீய உருண்டை ஒவ்வொன்றிலும் அப்போ-பி என்னும் புரதம் ஒன்றே ஒன்று உண்டு. அதை எண்ணினால் உருண்டைகளை எண்ணியதாகும். கொழுப்பைத் திரட்டி மீட்டுச் செல்லும் உருண்டைகளில் இருப்பது அப்போ-ஏ1. இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகள் ஐந்தில் முதல் மாரடைப்பு கண்டவர்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். இவ்விரு புரதங்களின் விகிதமும் அதில் அளக்கப்பட்டது. மற்ற நாட்டாருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 58.8. நம்மவருக்கு 53.0. அந்த எண்ணைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். புகை, சர்க்கரை, அழுத்தம், இப்புரத விகிதம் போன்றவை நம்மவரிடம் இளவயதிலேயே மிகுந்திருப்பதே இதற்குப் பெருங்காரணம் என்று அவ்வாய்வு காட்டியது. பிறவியிலேயே எழுதிய எழுத்தன்று.

அவருடைய மருந்துகளே இதயத்தைக் காக்குமா என்றும் சோதித்துப் பார்த்துவிட்டனர். ஃபோலிக் அமிலம் இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருளைக் குறைக்கும். ஆனால் மாரடைப்பைக் குறைக்கவில்லை என்று 2006இல் வந்த பெரிய ஆய்வுகள் சொல்லின. அமினோப்டெரினின் உடன்பிறப்பாகிய மெத்தோடிரெக்சேட்டைச் சிறு அளவில் தந்தால் குழாய்ச் சுவரின் அழற்சி தணியும் என்று கருதி 4,786 நோயாளிகளிடம் சோதித்தனர். 2018இல் முடிவு வந்தது. அதுவும் பயன் தரவில்லை. ஆனால் மூட்டுவாத நோயாளிகள் பலர் வாரம் ஒருமுறை அம்மாத்திரையை விழுங்கித்தான் நடமாடுகின்றனர். அட்டையின் மேல் சுப்பாராவ் பெயர் இராது. 1995இல் நூற்றாண்டுக்கு இந்திய அரசு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது.

என் தந்தைக்கு வரும் தை மாதம் 53 நிறைகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் அக்காள் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டுப் போகிறார். கொழுப்பும் பார்க்கவேண்டும் என்று நான் சொன்னபோதெல்லாம், நெஞ்சில் வலி எதுவும் இல்லையே என்று தட்டிக் கழித்துவந்தார். இக்கட்டுரைக்காகப் படித்ததை ஓர் இரவு அவருக்குச் சொன்னேன். தீப்பெட்டிப் பட்டையில் இருப்பது நம் இரத்தத்திலும் இருக்கிறதா என்று கேட்டார். நெடுநேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அரசு மருத்துவமனைக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார். வெறும் வயிற்றோடு போனால் அன்று வேலைக்குத் தாமதமாகிவிடுமே என்பதுதான் இப்போது அவருடைய கவலை.