லிங்கனின் தகப்பனார்

அடிமைகளின் தளையறுத்த ஆப்ரஹாம் லிங்கனின் சரித்திரத்தை அறியாதார் இலர். ஆனால் அவருடைய தகப்பனாரான தாமஸ் லிங்கனைப் பற்றி, ஊர் ஊராய் அலைந்த சோம்பேறி என்னும் வசையைத் தவிர வேறொன்றும் பலர் கேட்டதில்லை. இது பெரும் அநீதியென்பது நமது அபிப்பிராயம்.

1637-ல் இங்கிலாந்தை விட்டு மாஸசூஸெட்ஸில் குடியேறிய ஸாமுவேல் லிங்கனே இக்குடும்பத்தின் மூலபுருஷர். அவர் வழியில் தாமஸ் 1778-ல் வர்ஜீனியாவிலே பிறந்தார். பின்னர் அவருடைய தகப்பனார் குடும்பத்துடன் கென்டக்கி சென்று காடு திருத்தலானார். அக்காடோ ஆதிகுடிகளின் வேட்டை நிலம். 1786-ல் வயலில் நின்றிருந்த அவரை ஆதிகுடிகள் சுட்டுக் கொன்றனர். சிறுவன் தாமஸ் அதைக் கண்ணாரக் கண்டான். பிறர் பூமியில் வேலி கட்டியவர் கொடுத்த விலை அது. பூமியைப் பறிகொடுத்தவர்கள் கொடுத்த விலை அதனினும் பெரிது.

அக்காலச் சட்டப்படி சொத்து முழுவதும் மூத்த மகனையே சேர்ந்தது. இளையவரான தாமஸ் கூலி வேலை செய்தும் தச்சுத்தொழில் பயின்றும் பணம் சேர்த்து, 1803-ல் சொந்த நிலம் வாங்கினார். 1806-ல் நான்ஸி ஹாங்க்ஸை மணந்தார். 1809-ல் ஆப்ரஹாம் பிறந்தார்.

கென்டக்கியில் நில அளவை குளறுபடியாயிருந்தது. மரத்தையும் ஓடையையும் எல்லையாகக் குறித்தமையால் ஒரே நிலத்துக்குப் பலர் உரிமை கொண்டாடினர். தாமஸ் உழுத நிலங்களும் வழக்குக்கும் நஷ்டத்துக்கும் இரையாயின. மனம் நொந்து 1816-ல் ஓஹையோ நதியைக் கடந்து இண்டியானாவில் குடியேறினார். அங்கே சர்க்காரே நிலத்தை அளந்து விற்றது. அடிமைமுறைக்கும் சட்டத்தில் இடமில்லை. இவ்விரண்டும் அவரை ஈர்த்தன. இவ்வாறு சட்டத்தின் ஓட்டையால் அலைந்தவரைச் சோம்பேறி என்பது எவ்வாறு பொருந்தும்?

1818-ல் நச்சுச்செடி தின்ற பசுவின் பாலால் வரும் நோய்க்கு நான்ஸி பலியானார். மறு வருஷம் தாமஸ் மணந்த ஸாரா புஷ் ஜான்ஸ்டன், ஆப்ரஹாமைத் தம் வயிற்றுப் பிள்ளையாகவே பாவித்து அவனுடைய படிப்பை ஆதரித்தார்.

தாமஸின் குறையையும் நாம் மறைப்பதற்கில்லை. தம் பெயரை எழுதுவதற்கே சிரமப்பட்ட அவர், மகனை அயலார் வயலுக்கு அனுப்பிக் கூலியைத் தாம் பெற்றுக்கொண்டார். வழக்கமும் அதுவே. மகனின் மனம் அதை மறக்கவில்லை. 1851-ல் தகப்பனார் மரணப்படுக்கையிலிருந்தபோதும் அவர் போய்ப் பார்க்கவில்லை, அடக்கத்துக்கும் செல்லவில்லை.

எனினும் 1862-ல் அந்த மகன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐந்து வருஷம் குடியிருந்து பயிரிடுவோனுக்கு 160 ஏக்கர் நிலம் சொந்தமென்றது அச்சட்டம். அடுத்த வருஷம் விடுதலைப் பிரகடனம் வெளியாயிற்று. உழைத்தவன் கைக்கே உழைப்பின் பலன் சேரவேண்டுமென்ற தர்மத்தை அவர் தகப்பனாரின் வயலிலேயே கற்றார் என்போம். அவ்வாறு வழங்கிய பூமியும் ஆதிகுடிகளிடமிருந்து பறித்ததே என்பதையும் சேர்த்துச் சொன்னாலன்றி, இச்சரித்திரம் நியாயமான சரித்திரமாகாது.